சாதி மோதலுக்குப் பிறகு: அமைதியை வட்டாட்சியரிடம் விட்டுவிட்ட நாடாளுமன்றம்

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் திருமானூரில், கல்லூரி மாணவர்களுக்காக அண்மையில் ஒரு சட்டப் பயிலரங்கு நடத்தினோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளை ஒவ்வொன்றாக விளக்கி முடித்திருந்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "சட்டம் போட்டது தில்லி நாடாளுமன்றம். எங்கள் தெருவில் பிரச்சினை என்றால் வருவது வட்டாட்சியர். இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அதற்குப் பிறகு அந்த நாடாளுமன்றத்துக்கு என்னங்க வேலை?" என்று கேட்டார்.

அன்று நாங்கள் சொன்ன பதில் போதுமானதாக இல்லை. அதை முழுமையாகச் சொல்லிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

மோதலுக்குப் பின் அமைதியையும் மக்களாட்சியையும் கட்டியெழுப்புவதில் நாடாளுமன்றங்களின் பங்கு குறித்து உலக அரங்குகளில் நிறையவே பேசப்படுகிறது. தென்னாப்பிரிக்கா, ருவாண்டா, நேபாளம், இலங்கை என்று எடுத்துக்காட்டுகள் அடுக்கப்படுகின்றன. அந்தப் பட்டியலில் அரியலூரோ கடலூரோ மதுரையோ இடம்பெறுவதில்லை. இங்கே நடப்பது போர் அல்ல, 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை' என்று அரசு சொல்கிறது. அறிஞர்களும் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். வீடுகள் எரிக்கப்படும், மக்கள் ஊரைவிட்டு ஓடுவார்கள், வாக்களிக்கத் தடுக்கப்படுவார்கள், ஊருக்கும் சேரிக்கும் நடுவே பல மாதம் காவல்துறை முகாமிட்டிருக்கும். இவற்றைப் பார்த்த எவருக்கும் இது வெறும் ஒழுங்குப் பிரச்சினை அல்ல என்பது தெரியும்.

போரிலிருந்து மீண்ட நாடுகளில் நாடாளுமன்றத்திடம் மூன்று கடமைகள் எதிர்பார்க்கப்படுகின்றன. முதலாவது, ஒடுக்கப்பட்ட தரப்புக்கு அவையில் இருக்கை. இரண்டாவது, அவர்களைப் பாதுகாக்கும் சட்டம். மூன்றாவது, அந்தச் சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்புள்ள அரசை விடாமல் கேள்வி கேட்கும் கண்காணிப்பு. இந்திய நாடாளுமன்றம் சாதியைப் பொறுத்தவரை முதல் இரண்டையும் பெருமளவு செய்திருக்கிறது. மூன்றாவதைக் கைவிட்டுவிட்டது. கைவிடப்பட்ட அந்த இடத்தில்தான் வட்டாட்சியரின் கையெழுத்துத் தாள் வந்து அமர்ந்திருக்கிறது. இதுவே நம் வாதம்.

வாக்குச்சாவடியைச் சுற்றி நடந்த வன்முறை

திருமானூர், அரியலூர் சட்டமன்றத் தொகுதிக்குள் இருக்கிறது. அரியலூர், சிதம்பரம் நாடாளுமன்றத் தனித்தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்று. இந்தத் தொகுதியின் வரலாறே நாடாளுமன்றத்துக்கும் சாதி மோதலுக்கும் உள்ள உறவைக் காட்டப் போதுமானது.

பல ஆண்டுகள் தேர்தலைப் புறக்கணித்துவந்த விடுதலைச் சிறுத்தைகள் இயக்கம் 1999-இல் தேர்தல் களத்துக்கு வந்தது. இன்றைய அரியலூர் மாவட்டத்தின் அங்கனூரில் பிறந்த தொல். திருமாவளவன் சிதம்பரத்தில் போட்டியிட்டார். ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கம் ஒன்று தெருப் போராட்டத்திலிருந்து வாக்குச்சீட்டுக்கு வருவதை எந்த நாட்டிலும் அமைதிக்கான முன்னேற்றம் என்றே கொண்டாடுவார்கள். இங்கே என்ன நடந்தது? அந்தத் தேர்தலையொட்டிப் பல ஊர்களில் தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. மக்கள் வாக்களிக்க விடாமல் தடுக்கப்பட்டனர். மனித உரிமை அமைப்புகள் அந்த வன்முறையை அப்போதே ஆவணப்படுத்தின.

அதன்பின் இருபது ஆண்டுகள் கடந்தன. 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள். செந்துறை வட்டத்தின் பொன்பரப்பியில், பானைச் சின்னத்தை இழிவுபடுத்தியதை ஒட்டி எழுந்த பிரச்சினை, தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்படுவதில் முடிந்தது. கூரை ஓடுகள், வாகனங்கள், வீட்டுப் பொருட்கள் உடைந்து கிடந்த படங்களை நாடே பார்த்தது. மறுவாக்குப்பதிவு கோரிக்கைகள் எழுந்தன. அந்தத் தேர்தலில் திருமாவளவன் வென்றது 3,219 வாக்கு வேறுபாட்டில். சில ஊர்களின் வாக்கு எண்ணிக்கைதான் அது. இத்தகைய போட்டியில் ஒரு தெரு வாக்குச்சாவடிக்குப் போக முடியுமா முடியாதா என்பது, அவையில் யார் அமர்வார் என்பதையே தீர்மானிக்கக்கூடும்.

தேர்தல் நடத்திவிட்டால் அமைதி வந்துவிடும் என்பது மோதலுக்குப் பிந்தைய நாடுகளுக்கு அறிவுரை சொல்வோரின் பழைய நம்பிக்கை. சிதம்பரத்தின் அனுபவம் அதற்கு மறுப்பு. ஒடுக்கப்பட்டவர் வாக்களிக்கிறார் என்பதே ஆதிக்கத்தின் கண்ணில் அத்துமீறலாகத் தெரியும்போது, வாக்குப்பதிவு நாளே மோதல் நாளாகிவிடுகிறது.

அமைதிக் கூட்டம் என்னும் சடங்கு

தாக்குதல் நடந்த மறுநாள் முதல் என்ன நிகழ்கிறது என்பதைக் களத்தில் இருப்போர் அனைவரும் அறிவர். காவல்துறை வருகிறது. பாதிக்கப்பட்டவர்களின் புகாரில் ஒரு வழக்கு. அதற்கு ஈடாக, தாக்கியவர்களின் புகாரில் பாதிக்கப்பட்டவர்கள்மீது ஓர் எதிர் வழக்கு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவு: இதன்கீழ் இரு தரப்பு இளைஞர்களுக்கும் நன்னடத்தைப் பிணை கேட்டு அழைப்பாணை. பிறகு வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் தலைமையில் அமைதிப் பேச்சுவார்த்தை.

வழக்கறிஞர்களாக நாங்கள் பார்த்த ஒரு கோப்பில் அத்தகைய உடன்படிக்கை நான்கே வரிகளில் முடிந்திருந்தது. இரு தரப்பினரும் இனிச் சுமுகமாக வாழ ஒப்புக்கொள்கிறார்கள் என்பதே அதன் சாரம். எந்தத் தரப்பின் வீடு உடைந்தது, யார் உடைத்தார்கள், இழப்பீடு எப்போது வரும், பொதுப்பாதையில் நடக்கும் உரிமை என்னவாயிற்று என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. உடைத்தவர் பெயரும் உடைமையை இழந்தவர் பெயரும் அடுத்தடுத்து, ஒரே நிறை கொண்டவைபோல எழுதப்பட்டிருந்தன. சில நாள் கழித்து அதே தாளைக் காட்டி, "சமாதானம் ஆகிவிட்டதே, வழக்கு எதற்கு?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தத் தாளுக்கு வழக்கை முடிக்கும் அதிகாரம் எதுவும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றங்கள் வருவாய்த்துறை அலுவலகத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளத்தக்கவை அல்ல. இருந்தும், ஊரில் வேலைக்கும் தண்ணீருக்கும் ஆதிக்கச் சாதியினரை நம்பியிருக்கும் குடும்பத்தின்மீது அது செலுத்தும் அழுத்தம் உண்மையானது. கூட்டத்தைக் கூட்டும் அலுவலர் தீயவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மேலும் ரத்தம் சிந்தாமல் தடுக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம் அவருக்கு இருக்கலாம். அவர் தேடுவது இன்றிரவுக்கான அமைதி. பாதிக்கப்பட்டவருக்கு வேண்டியது அடுத்த தலைமுறைக்கும் நிலைக்கும் அமைதி. இரண்டாவதைத் தரும் பொறுப்பு சட்டமன்றங்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உரியது.

நாடாளுமன்றம் செய்தது

நாடாளுமன்றம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976-இல் அது திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அத்தகைய கூட்டுக்கொலைகளுக்கு முன் அந்தச் சட்டம் கையாலாகாமல் நின்றது. பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டது.

2015-ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3(1) பிரிவை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். தலித் ஒருவரை வாக்களிக்க விடாமல் தடுப்பதும், குறிப்பிட்ட வேட்பாளருக்கு வாக்களிக்கும்படி கட்டாயப்படுத்துவதும், வேட்புமனுத் தாக்கல் செய்யவிடாமல் மறிப்பதும் குற்றம். ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ உள்ள தலித்தின் பணியை மிரட்டித் தடுப்பது குற்றம். தேர்தலுக்குப் பிறகு அவரைத் தாக்குவதும், சமூக அல்லது பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும் குற்றம். இன்னாருக்கு வாக்களித்தார் என்பதற்காக அவர்மீது நிகழ்த்தப்படும் கொடுமையும் தனிக் குற்றம். சிதம்பரத்திலும் மேலவளவிலும் மக்கள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்து எழுதியதுபோல் இருக்கும் பிரிவுகள் இவை. அதே திருத்தம்தான், பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்குமான உரிமைகளை 15அ பிரிவாகச் சேர்த்தது.

2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் இந்தச் சட்டத்தின் கூர்மையை மழுங்கடித்தது. முன்விசாரணையும் கைதுக்கு முன் ஒப்புதலும் வேண்டும் என்றது. ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. அதில் உயிர்கள் போயின. அந்த ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் 18அ பிரிவைச் சேர்த்து அந்தத் தடைகளை நீக்கியது. 2020 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. தெருவில் எழுந்த குரல் நான்கே மாதங்களில் சட்டமானது. நாடாளுமன்றம் விரும்பினால் விரைந்து செயல்பட முடியும் என்பதற்கு இதுவே சான்று.

மேசையில் வைக்கப்படும் அறிக்கை

சட்டம் இயற்றிய அவை, அதன் பின்விளைவைத் தொடர்ந்து பார்க்கிறதா? இங்கேதான் பொத்தல் இருக்கிறது. அந்தப் பொத்தல் சட்டத்தின் எழுத்திலேயே இருப்பதை நாம் கவனிப்பதில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் இச்சட்டத்தை நிறைவேற்ற எடுத்த நடவடிக்கைகள் பற்றிய அறிக்கையை ஆண்டுதோறும் இரு அவைகளின் மேசையிலும் வைக்க வேண்டும் என்கிறது. வைத்தால் போதும். அதன்மீது விவாதம் நடத்தியே தீர வேண்டும் என்று அப்பிரிவு சொல்லவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 338-ஆம் உறுப்பின்படி தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்தின் அறிக்கையும் நடவடிக்கைக் குறிப்போடு அவைகளில் வைக்கப்பட வேண்டும். அங்கும் விவாதம் கட்டாயம் அல்ல. ஒரு தெரு எரிந்த செய்தி அட்டவணையின் ஓர் எண்ணாகி, அச்சாகி, மேசையில் வைக்கப்பட்டு, நூலகத்துக்குப் போய்விட இயலும். எந்த அமைச்சரும் எழுந்து பதில் சொல்ல வேண்டியதில்லை.

காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் உள்ளவை, நாடாளுமன்றத்தை மட்டும் குறை சொல்வது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாநிலத்தில் நிலைமை என்ன? 1995-ஆம் ஆண்டு விதிகளின் 18-ஆம் விதிப்படி, மாநில அரசு ஆண்டுதோறும் மார்ச் 31-க்கு முன் தன் நடவடிக்கை அறிக்கையை ஒன்றிய அரசுக்கு அனுப்ப வேண்டும். அதைத் தன் சட்டமன்றத்தின் முன் வைக்கும்படி அந்த விதி கேட்கவில்லை. காவல்துறையைக் கையில் வைத்திருக்கும் அரசு, தன்னைத் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்துக்குக் கணக்குச் சொல்லாமல், தில்லிக்குத் தாள் அனுப்பிவிட்டு அமரலாம். கோட்டையிலிருந்து புறப்படும் அறிக்கை, கோட்டைக்குள்ளேயே இருக்கும் அவைக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை.

அவைக்கு வெளியேயும் மக்கள் பிரதிநிதிகளுக்குச் சட்டம் பொறுப்பு தந்திருக்கிறது. 16-ஆம் விதிப்படி முதலமைச்சர் தலைமையில் மாநில விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும்; அது ஆண்டுக்கு இரு முறையேனும், ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். மாநிலத்தின் பட்டியல் சாதி, பழங்குடி நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவரும் அதன் உறுப்பினர்கள். 17-ஆம் விதிப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் அது கூட வேண்டும். அதில் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் சாதி வேறுபாடின்றி உறுப்பினர்கள். வழக்குகளின் நிலை, இழப்பீடு, மறுவாழ்வு, அலுவலர்களின் செயல்பாடு அனைத்தையும் ஆராயும் கடமை அந்தக் குழுவுக்கு உண்டு.

மாணவியின் கேள்விக்கான விடையின் முதல் பாதி இங்கே இருக்கிறது. சட்டப்படி, உங்கள் தெருவில் நடந்ததைப் பற்றிக் கேட்க வேண்டிய மேசையில் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு நாற்காலி உண்டு. வட்டாட்சியரின் அமைதிக் கூட்டம் நடந்த செய்தி ஊருக்கே தெரிகிறது. சட்டம் கட்டளையிட்ட கண்காணிப்புக் குழு கூடியதா, யார் வந்தார், யார் வரவில்லை, என்ன முடிவெடுத்தது என்பது பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவதில்லை. கூட்டக் குறிப்பை வெளியிட வேண்டும் என்று விதியில் இல்லை என்பதே அலுவலகங்கள் சொல்லும் காரணம்.

பிற நாடுகளின் பாடம்

வெளியே பார்ப்பது இவ்விடத்தில் உதவும். ஏனெனில் இந்த மூன்று கடமைகளுள் ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அங்கே சான்றுகள் உள்ளன.

தென்னாப்பிரிக்காவில் 1994 தேர்தலில் உருவான நாடாளுமன்றமே அரசமைப்புப் பேரவையாகவும் செயல்பட்டது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் வெறும் அரசாணையால் வந்ததன்று. 1995-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் மக்கள் முன்னிலையில் பேசினார்கள். சட்டமியற்றும் பணியில் மக்கள் பங்கேற்புக்கு வழிசெய்வது நாடாளுமன்றத்தின் கடமை என்று 1996 அரசமைப்புச் சட்டம் விதித்தது. மக்களின் கருத்தைப் போதிய அளவு கேட்கவில்லை என்பதற்காகவே, 2006-இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களைச் செல்லாதென்று அறிவித்தது. நம் நாடாளுமன்ற நிலைக்குழுக்களோ மூடிய கதவுக்குள் கூடுகின்றன. தென்னாப்பிரிக்காவிலும் நிலமும் செல்வமும் பெருமளவு பழைய கைகளிலேயே இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். ஆனால் பாதிக்கப்பட்டவர் அவையின் வாசலுக்குள் நுழையும் உரிமையை அந்நாடு சட்டமாக்கியது.

நேபாளம் நமக்கு இன்னும் நெருக்கமானது. பத்தாண்டு உள்நாட்டுப் போர் 2006 அமைதி உடன்படிக்கையோடு முடிந்தது. 2008-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 601 பேர் கொண்ட அரசமைப்புப் பேரவையில் சுமார் 50 பேர் தலித்துகள். 2011-இல் சாதிப் பாகுபாட்டையும் தீண்டாமையையும் தண்டிக்கும் சட்டம் நிறைவேறியது. 2015 அரசமைப்புச் சட்டம் தலித் உரிமையைத் தனி அடிப்படை உரிமையாக்கியது. உள்ளாட்சியின் ஒவ்வொரு வார்டிலும் ஒரு தலித் பெண் உறுப்பினர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நாம் பொறாமைப்படத்தக்க ஏற்பாடு. இருந்தும் 2020 மே மாதம் ருகும் மேற்கு மாவட்டத்தில், சாதி கடந்த காதலுக்காகப் பெண்ணை அழைத்துவரச் சென்ற தலித் இளைஞரும் நண்பர்களும் விரட்டப்பட்டனர். ஆறு இளைஞர்கள் உயிரிழந்தனர். இருக்கையும் சட்டமும் வந்த பின்னும், உள்ளூர் அதிகாரத்தையும் காவல்துறையையும் கேள்வி கேட்கும் பழக்கம் வளராவிட்டால் என்ன நேரும் என்பதை ருகும் காட்டியது.

இலங்கையின் பாடம் வேறு. 1987-இன் 13-ஆவது திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது. போர் முடிந்த பின் 2013-இல் வடக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. அதன் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பின் தேர்தலே நடக்கவில்லை. 2017-இல் தேர்தல் முறையை மாற்றிய நாடாளுமன்றம், புதிய முறைக்குத் தேவையான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் ஏற்க மறுத்தது. பழைய முறையும் போயிற்று, புதிய முறையும் வரவில்லை. மாகாணம் ஆளுநர் கையில் தங்கிவிட்டது. அமைதியின் விளைவாகக் கிடைத்த ஓர் அவையை யாரும் கலைக்கவில்லை. தேர்தலை நடத்தாமல் விட்டதே போதுமானதாயிற்று. இந்தப் பாடம் கொள்ளிடக் கரைக்கும் பொருந்தும்.

நம் ஊரின் அவை

நாடாளுமன்றம் 1992-இல் நிறைவேற்றிய 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 243ஈ உறுப்பு, பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதத்தில் ஊராட்சி இடங்களை ஒதுக்கியது. தலைவர் பதவிகளிலும் இடஒதுக்கீடு வந்தது. அரியலூர் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் பட்டியல் சாதியினர் என்பதை நினைத்துப் பார்த்தால், சேரிக்கு மிக அருகில் அமைந்த அவை ஊராட்சியே என்பது விளங்கும்.

அந்த அவைக்குள் நுழைய மக்கள் கொடுத்த விலையை மேலவளவு சொல்லும். 1996-இல் அந்த ஊராட்சி தனியாக ஒதுக்கப்பட்டது. மிரட்டலையும் வன்முறையையும் மீறித் தலைவரான முருகேசனும் மேலும் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்துப் படுகொலை செய்யப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தேர்தல் முடக்கப்பட்டது. வென்றவர்கள் உடனே பதவி விலக வைக்கப்பட்டனர். 2006 அக்டோபரில்தான் அங்கே தேர்தல் முழுமை பெற்றது. அப்போது மாறியது சட்டம் அல்ல. அது 1994-இலிருந்து அப்படியே இருந்தது. இந்தத் தேர்தல் நடந்தே தீர வேண்டும் என்ற அழுத்தம் இயக்கங்களிடமிருந்தும் அவைகளிலிருந்தும் வந்தது. மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகச் சென்று அமர்ந்து பேசியது. அந்தப் பேச்சும் ஒருவகை அமைதிப் பேச்சுவார்த்தையே. ஆனால் அது உரிமையை விலையாகக் கேட்கவில்லை. உரிமையை நிறைவேற்றுவதற்காகவே நடந்தது. இரண்டு பேச்சுவார்த்தைகளுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பதவிக்கு வந்த பின்னும் போராட்டம் ஓயவில்லை. 2020-இல், சிதம்பரத்தை அடுத்த தெற்குத்திட்டையில், தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருந்த படம் வெளிவந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், தலித் பெண் தலைவர் சுதந்திர நாளில் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். 2015 திருத்தத்தின் பிரிவுகள் அப்போது நடைமுறையில்தான் இருந்தன.

இன்று அந்த நாற்காலியே காலியாக இருக்கிறது. அரியலூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்தது. அதற்குமுன் 2016 அக்டோபர் முதல் மூன்றாண்டுகளுக்கும் மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை இல்லை. பதவிக்காலம் ஐந்தாண்டு, அது முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243உ உறுப்பு. தொகுதி மறுவரையறை, இடஒதுக்கீட்டுச் சுழற்சி எனக் காரணங்கள் மாறுகின்றன, விளைவு ஒன்றே. திருமானூர் ஒன்றியத்தின் ஊராட்சிகளையும் தனி அலுவலர்களே நிர்வகிக்கின்றனர்.

தேர்தல் தள்ளிப்போனால் எல்லாருக்கும்தானே இழப்பு என்று தோன்றலாம். இழப்பு சமமானதன்று. ஊரின் ஆதிக்கச் சாதியினருக்கு ஊராட்சி இல்லாவிட்டாலும் கோயில் நிர்வாகம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. சேரிக்கு அதிகாரத்தோடு அமர இருந்த ஒரே நாற்காலி ஊராட்சி மன்றத்தில்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டால், மோதல் வரும் நாளில் நம் தரப்பில் பேச ஓர் அரசமைப்புப் பதவிகூட இல்லாமல் போகிறது. வட்டாட்சியரின் மேசைக்கு முன் மீண்டும் நாம் மனுதாரர்களாகவே நிற்கிறோம்.

தனித்தொகுதி உறுப்பினரின் இக்கட்டு

இத்தனை தனித்தொகுதி உறுப்பினர்கள் இருந்தும் அவையில் ஏன் குரல் எழவில்லை என்று இளைஞர்கள் கோபத்தோடு கேட்கிறார்கள். மக்களவையில் பட்டியல் சாதியினருக்கு 84 இடங்கள்; தமிழ்நாட்டில் 7. சட்டமன்றத்தில் 234-இல் 44.

கோபம் நியாயமானது. அதன் இலக்கு தனிமனிதராக மட்டும் இருந்தால் நாம் ஏமாந்துபோவோம். 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியைக் கைவிட்டுக் கூட்டு வாக்காளர் முறையை ஏற்றது. இன்றைய தனித்தொகுதி அதன் தொடர்ச்சி. அதில் வெல்லும் உறுப்பினர் தலித் வாக்குகளால் மட்டும் வெல்வதில்லை. பிற சாதியினரின் வாக்கும் கட்சித் தலைமையின் தயவும் வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு. எல்லாத் தரப்பிடமும் வாக்குக் கேட்கும் ஒருவரால் மோதலுக்குப் பின் இரு தெருக்களிலும் காலடி வைக்க முடியும். ஆனால் அடுத்த தேர்தலை எண்ணி, எரிந்த தெருவைப் பற்றி அவையில் பேசாமல் இருந்துவிடும் ஈர்ப்பும் அதே ஏற்பாட்டில் இருக்கிறது.

ஆகவே, அமைதியை உறுப்பினரின் தனிப்பட்ட துணிச்சலை நம்பி விடக்கூடாது. பேசியே தீர வேண்டிய நாளைச் சட்டம் குறிக்க வேண்டும். அந்த நாளில் பேசுவது யாருக்கும் துணிச்சலாகத் தெரியாது. அவையின் வழக்கமான அலுவலாக இருக்கும். அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வும் என்ற முரண்பாட்டோடு நாம் குடியரசுக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அண்ணல் அம்பேத்கர் அரசமைப்பு அவையில் எச்சரித்தார். அந்த முரண்பாட்டை ஆண்டுக்கு ஒரு நாளேனும் நேருக்கு நேர் பார்க்கும்படி அவையைக் கட்டாயப்படுத்துவது, அவர் எச்சரிக்கைக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, 21(4) பிரிவின் அறிக்கைமீது இரு அவைகளிலும் குறித்த காலத்துக்குள் விவாதம் கட்டாயம் என்ற திருத்தம். இரண்டாவது, 18-ஆம் விதிப்படி தில்லிக்குப் போகும் அறிக்கை சட்டமன்றத்திலும் வைக்கப்பட்டு விவாதிக்கப்பட வேண்டும். இதற்குத் தில்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாநில அரசு தானாகவே முன்வந்து செய்யலாம். சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியிடமும் இதை எழுத்தில் கேட்போம். மூன்றாவது, மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் கூட்ட நாள், வருகைப் பதிவு, முடிவுகள் ஆகியவை மாவட்ட இணையதளத்தில் வெளியிடப்பட வேண்டும். நான்காவது, ஊரக உள்ளாட்சித் தேர்தல் உடனே நடத்தப்பட வேண்டும்.

சட்டம் மாறும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. பயிலரங்குக்கு வந்த மாணவர்களிடம் இரண்டு வேலைகளைக் கேட்டுக்கொண்டோம். உங்கள் மாவட்டக் குழு கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்த நாளில் கூடியது, எந்த நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர் வந்தார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு அனுப்புங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு பக்கத் தாள். அடுத்து, தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கூட்டப்பட வேண்டும்; அங்கே போய், உள்ளாட்சித் தேர்தல் கோரும் தீர்மானத்தை முன்மொழியுங்கள். பதிவு செய்ய மறுத்தால், மறுத்ததையும் எழுதி அனுப்புங்கள்.

வட்டாட்சியரின் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டார்கள். போங்கள், இன்றிரவின் அமைதியும் நமக்கு வேண்டும். யாருடைய வீடு உடைந்தது, யார் உடைத்தார்கள், இழப்பீடு எந்த நாளில், வழக்கு எண் என்ன என்பவை அந்தத் தாளில் எழுதப்படாதவரை கையெழுத்திடாதீர்கள். நகலைக் கேட்டு வாங்குங்கள். அதை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் பதிவு அஞ்சலில் அனுப்பி, அடுத்த மாவட்டக் குழுக் கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் வைத்தார்களா என்று மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள்.

அந்த மாணவியின் கேள்விக்கு எங்கள் பதிலின் மறுபாதி இது. நாடாளுமன்றத்துக்கு வேலை இருக்கிறது. அது தன் வேலையைச் செய்யாமல் இருப்பது யார் கண்ணுக்கும் படாதவரை செய்யாமலேயே இருக்கும். அதைக் கண்ணில் படச் செய்வது நம் வேலை. திருமானூரிலிருந்து முதல் மனு ஏற்கெனவே அனுப்பப்பட்டிருக்கிறது.